மாப்பிள்ளையின் அப்பா வெறும் பிம்பம்

"காதைக் காட்டு, பாக்கலாம்" என்றார் ஜெகதீசன்.

பிரசன்னா ஒன்றும் புரியாமல் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"உன் காது இல்லப்பா. அதோ மேடையில நிக்கிறாரே, அவுரு காது. நான் இப்டி ஓரமா வந்துகினு பாத்தா அவுரு சைடு காது தெரியணும். தெரியல. நேரா பாத்தாலும் அதே மூஞ்சி, ஓரமா பாத்தாலும் அதே மூஞ்சி. இதுக்குப் பேரு ஹாலோகிராமா?"

குமணன்சாவடி கல்யாண மண்டபத்தில் அப்போது மாலை மணி நாலு. ஏழு மணிக்கு வரவேற்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். மேடையில் அடர்த்தியான மீசையும் சுருட்டைத் தலைமுடியுமாக முப்பது வயது மனிதர் ஒருவர் லேசான நீல வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கையைத் தூக்கி ஆசீர்வதித்தார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார். அவர்தான் மாப்பிள்ளை சந்தோஷின் அப்பா. பழைய போட்டோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் அசைய வைத்து அந்த உருவத்தை மேடைக்குக் கொண்டுவந்தவன் பிரசன்னா. வேலப்பன்சாவடியில் கல்யாண நிகழ்ச்சிகளுக்கு ஒளியும் ஒலியும் அமைத்துத் தரும் கம்பெனி வைத்திருந்தான்.

மணப்பெண் வர்ஷாவுக்குத் தாய்மாமன் ஜெகதீசன். அந்த உரிமையில் மண்டபத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அவர் கேட்டது அந்த உரிமையில் அல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹாலோகிராம் ஸ்டிக்கர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாக லேசர் அறையில் வேலை பார்ப்பவர் அவர். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் சென்னீர்குப்பத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்திலிருந்து லேசர் அறைக்குள் போன முதல் ஆள் அவர்தான். அதற்கு ஊருக்குள் கிடைத்த மரியாதை, 'ஸ்டிக்கர் ஒட்டுறவரு' என்ற பெயர். இன்றைக்கு ஒரு கண்ணாடித்தாளைச் சாய்த்துக் கட்டிவிட்டு ஒருவன் அதை ஹாலோகிராம் என்கிறான், மண்டபமே வாயைப் பிளக்கிறது. அவருக்கு வயிறு எரிந்ததில் நியாயம் இருந்தது.

பிரசன்னா பொறுமையாகத்தான் விளக்கினான். மேடையின் முன்விளிம்பை ஒட்டி ஒரு பள்ளம். அதில் பெரிய எல்.இ.டி. திரை மல்லாந்து கிடந்தது. அதற்கு மேலே, கண்ணுக்கே தெரியாத மெல்லிய தாள் ஒன்று சபையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. திரையில் ஓடும் படம் தாளில் பட்டு, சபையில் இருப்பவர்கள் கண்ணுக்கு மேடையிலேயே ஆள் நிற்பது போலத் தெரியும். பள்ளத்தைப் பூ அலங்காரம் மறைத்துவிடும்.

"அதாவது, முகம் பாக்குற கண்ணாடி."

"எல்லாரும் ஹாலோகிராம்னுதான் சார் சொல்றாங்க."

"எல்லாரும் சொன்னா ஆயிடுமா? பொண்ணு மாப்ளைக்கு அவுரு தெரிவாரா?"

தெரியமாட்டார் என்பதைப் பிரசன்னா ஒப்புக்கொண்டான். தாளுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதற்காகத் தரையில் பச்சை டேப்பில் ஒரு குறி ஒட்டியிருந்தான். சபையில் கை தட்டினதும் இருவரும் அந்த டேப்பைப் பார்த்து விழுந்து கும்பிட வேண்டும்.

தன் தங்கை பெண், கணினிக் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிற பெண், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு துண்டு டேப்பின் காலில் விழப்போகிறாள். ஜெகதீசன் நேராகத் தங்கை யுவராணியைத் தேடிப் போனார்.

யுவராணி தாம்பாளங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவரை ஓரமாக இழுத்தாள்.

"அண்ணா, சந்தோஷோட அப்பா விஷயத்துல ஒண்ணு கீது. ஒரு மாசமா உன்னாண்ட சொல்லணும்னு பாக்குறேன்."

"எனக்கே தெரியும். அது ஹாலோகிராமே இல்ல" என்றார் ஜெகதீசன். உண்மையான ஹாலோகிராம் என்றால் லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், ஒன்று பொருளின் மேல் பட்டுத் திரும்பி வந்து மற்றதோடு தகட்டில் சேர வேண்டும், அந்த நேரத்தில் வெளியே ரோட்டில் ஒரு லாரி போனால்கூடப் படம் கெட்டுவிடும் என்று ஆரம்பித்தார். ஒரு மாதமாக யுவராணி அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் இதுதான் நடந்தது. பேச்சில் லாரி வந்ததும் அவள் தாம்பாளங்களுக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்து, வாசல் போர்டு. 'மாப்பிள்ளையின் அப்பா 3டி ஹாலோகிராமில் ஆசி வழங்குகிறார்' என்று தெர்மகோலில் பொன்னிற எழுத்து. ஜெகதீசனால் அதைத் தாண்டி உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. பொய்யை எழுதி வாசலில் மாட்டுவதா? அலங்காரம் செய்பவரிடம் ஒரு சார்ட் பேப்பரும் மார்க்கரும் வாங்கி, 'ஹாலோகிராம் அல்ல' என்று மேலே சின்னதாகவும், 'வெறும் பிம்பம்' என்று கீழே பெரிதாகவும் எழுதினார். 3டியிலிருந்து கடைசி வரை மறைகிற மாதிரி அதை ஒட்டினார். கொஞ்ச தூரம் தள்ளி நின்று பார்த்தார். சின்ன எழுத்து கண்ணில் படவில்லை. ஆனால் உண்மை இருக்கிறது, அது போதும் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தே காலுக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அம்மா சுலோசனா. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அடுக்குமாடியில் குடியிருக்கிற குடும்பம். அவர் பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமை ஆசிரியை. பட்டுப்புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக அவர் இறங்கியதைப் பார்த்து, இந்தக் காலத்தில் பெண்கள் இப்படித்தான் தைரியமாக இருக்க வேண்டும் என்று ஜெகதீசன் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

சுலோசனா போர்டைப் படித்தார். 'மாப்பிள்ளையின் அப்பா வெறும் பிம்பம்.'

"இதை யார் எழுதினது?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஜெகதீசன் முன்னால் போய், தான்தான் என்றார்.

"எங்க வீட்டு விஷயத்தை உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்ல வேணாம்மா. ஒரு ஓரமா நின்னு பாத்தா எவனுக்கும் தெரியும். மேடையில ஆள் நிக்கிற மாதிரி கீது, ஆனா ஆள் கெடையாது."

சுலோசனாவின் முகம் வெளுத்தது. "பதினோரு வருஷமா நான் பொத்திப் பொத்திக் காப்பாத்தின மானத்தை வாசல்ல எழுதி மாட்டிட்டீங்க" என்றார். திரும்பி வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். சந்தோஷும் பின்னாலேயே ஏறினான். கதவு சாத்தப்பட்டது. யுவராணி தாம்பாளத்தோடு அப்படியே நின்றாள். மாடி ஜன்னலிலிருந்து, பாதி அலங்காரத்தில் ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருந்த வர்ஷா எட்டிப் பார்த்தாள்.

பதினோரு வருஷமாகப் புருஷன் இல்லாமல் பிள்ளையை வளர்த்த பெண்ணின் துக்கத்தில் கை வைத்துவிட்டோம் என்று ஜெகதீசனுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் போகவில்லை, அதன் மேல் குற்ற உணர்ச்சியும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சார்ட் பேப்பரைக் கிழித்தார். தெர்மகோல் எழுத்தும் கூடவே பெயர்ந்து வந்து, போர்டில் 'மாப்பிள்ளையின் அப்பா' மட்டும் மிஞ்சியது. வேன் ஜன்னலுக்குப் போய்த் தலையைக் குனிந்து பேசினார். ஒத்திகையில் உருவம் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் மிதந்துகொண்டிருந்ததைத் தான் கவனித்ததாகவும், தன் கையாலேயே அதைச் சரி செய்து அவரைத் தரையில் நிற்க வைப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

சுலோசனா வேன் கதவைத் திறந்தார். பிறகு, "ஒழுங்கா நிக்கட்டும். இன்னைக்கு ஒரு நாளாவது" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்படித்தான் ஹாலோகிராமே இல்லாத ஒன்றுக்கு ஜெகதீசன் பொறுப்பாளர் ஆனார்.

மேடையின் இடது பக்கம், ஆள் உயர ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒயர்கள் ஓடின. சவுண்டு சர்வீஸ்காரர்தான் என்று ஜெகதீசன் முடிவு கட்டி, ஸ்குரூ டிரைவர் கேட்டார். அந்த மனிதர் எழுந்து போய் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"குரல் தெளிவாக் கேக்குதுங்களா?" என்று அவர் கேட்டார்.

ஒத்திகையில் உருவத்தோடு சேர்ந்து ஓடிய குரலைத்தான் கேட்கிறார் என்று ஜெகதீசனுக்குப் புரிந்தது. "குரலுக்கு இன்னா அண்ணாத்தே, நல்லாத்தான் கீது. மிமிக்ரி பண்றவன் எவனோ பேசிக்கிறான்போல. நடுவுல ஒரு எடத்துல அழுவுற மாதிரி கீது பாரு, அத்த மட்டும் கொறச்சிக்க."

"சரிங்க" என்றார் அவர், ஒயரைப் பார்த்துக்கொண்டே.

தாளை இறுக்கியிருந்த கம்பியின் திருகை ஜெகதீசன் அரைச் சுற்றுத் திருப்பினார். உருவம் தரைக்கு வந்தது. வந்தது நிற்காமல் முழங்கால் வரை தரைக்குள் இறங்கியது. எதிர்ப்பக்கம் திருப்பினார். இப்போது அவர் பின்னால் சாய்ந்து, யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்ட மாதிரி நின்றார். பிரசன்னா ஓடிவந்து, தாள் முடியை விட மெல்லியது சார், கை வைக்காதீங்க என்று கெஞ்சினான். ஜெகதீசனுக்கு அது ரோஷத்தைக் கிளப்பியது. மூச்சுவிட்டால்கூடக் கெடும் தகட்டில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த கைக்கா பாடம்? இன்னொரு அரைச் சுற்றுத் திருப்பினார். கீழே ஒரு கிளிப் விட்டது. தாள் தளர்ந்தது.

ஏ.சி. காற்று பட்டதும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வயிறு அலையடிக்க ஆரம்பித்தது. முகம் ஒரு முறை நீண்டது, ஒரு முறை அகன்றது. முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்ட குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தன. ஏ.சி.யை நிறுத்தச் சொன்னார் ஜெகதீசன். நின்றது. அப்பா அசையாமல் நின்றார். மாறாக, மணி ஆறே முக்காலுக்கு மண்டபத்தில் வந்து குவிந்திருந்த நானூறு பேர் அசைய ஆரம்பித்தார்கள். கையில் கிடைத்த தாம்பூலப் பையையும் மொய்க் கவரையும் வைத்து எல்லோரும் விசிற, அந்தக் காற்றுக்குத் தாள் முன்பைவிட மோசமாக ஆடியது. வியர்வையில் வர்ஷாவின் மை கரைந்து இறங்குவதாக மாடியிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள்.

பிரசன்னா தலையில் கை வைத்துக்கொண்டு, கிளிப்பைக் கழற்றி மாட்ட அரை மணி நேரம் வேண்டும் என்றான். சுலோசனா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"திரையை அணைச்சிடு. நான் உள்ளே எறங்குறேன்" என்றார் ஜெகதீசன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினார். ஸ்பீக்கருக்குப் பின்னால் இருந்தவரைத் துணைக்குக் கூப்பிட்டு, பூ அலங்காரத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் இறங்கினார். கிளிப் இருந்த இடம் கைக்கு எட்ட வேண்டுமென்றால், லாரிக்கு அடியில் படுக்கும் மெக்கானிக் போல மல்லாந்து படுத்து, காலை மேடைப் பக்கமாக நீட்டி, கையை மேலே தூக்க வேண்டும். படுத்தார். ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டார். கிளிப்பைத் தடவிக்கொண்டே, பக்கத்தில் குனிந்திருந்தவரிடம் பல்லிடுக்கால் தன் மனக்குறையைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவர் போல அந்த மனிதர் கேள்வி கேட்டார், லேசரை எதற்கு இரண்டாகப் பிரிக்கிறீர்கள் என்று. இருபத்தெட்டு வருஷத்தில் ஜெகதீசனை யாரும் கேட்காத கேள்வி அது. அந்த ஒரு நிமிஷம் அவருக்கு யார்மீதும் கோபம் இல்லை.

"அப்புறம் சொல்றேன் அண்ணாத்தே. இங்க ஒரே இருட்டா கீது. அந்த ஃபோகஸ் லைட்ட அப்டியே என் மேல திருப்பு" என்றார்.

அந்த மனிதர் திருப்பினார்.

திரையில் ஓடும் படம் எப்படித் தாளில் பட்டுச் சபைக்குத் தெரியுமோ, அப்படியே பள்ளத்தில் வெளிச்சத்தில் கிடக்கும் ஆளும் தெரிவார் என்பது, ஒளியைப் பற்றி அந்த மண்டபத்திலேயே அதிகம் தெரிந்த ஜெகதீசனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் அவர் தோன்றினார். மல்லாந்து கிடந்தவர் தாளில் நிமிர்ந்து நின்றார். மடித்துக் கட்டிய வேட்டி, திறந்த சட்டை, வாயில் ஸ்குரூ டிரைவர். கிளிப்பை நோக்கித் தூக்கியிருந்த இரண்டு கைகளும் சபையைப் பார்த்து ஆசீர்வதிப்பது போல நீண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் வந்ததும் குரலை ஓடவிட வேண்டும் என்று பிரசன்னா சொல்லி வைத்திருந்த ஆள், சொன்னபடியே ஓடவிட்டான்.

"சந்தோஷ், உன் அம்மாவை நல்லாப் பார்த்துக்கோப்பா. என்னால முடியாததை நீ செய்" என்றது குரல், ஜெகதீசனின் உருவத்திலிருந்து.

சபை கைதட்டலும் சிரிப்புமாக வெடித்தது. கைதட்டல்தான் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அடையாளம். இருவரும் பச்சை டேப்பைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். ஜெகதீசன் அதே நேரம் காலில் ஏதோ ஊர்ந்தது என்று கால் மாற்றி உதற, மேடையில் நின்ற உருவம் மருமகள் தலைக்கு மேலே ஒரு குத்தாட்டம் போட்டது. ஆவடியிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட அண்ணன் பச்சையப்பன் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம ஜெகதீசன் எப்போப்பா போனான்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கேட்டார்.

சுலோசனா மட்டும் முதலில் அசையவில்லை. பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி ஓடிவந்த யுவராணி, அவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணம் பிழைத்தது. பிரசன்னாவிடம் இரண்டு பேர் தங்கள் வீட்டு விசேஷத்துக்கும் இதே போல, டான்ஸோடு வேண்டும் என்று கேட்டுப் போனார்கள். கை கழுவும் இடத்தில் ஜெகதீசனைக் கண்ட பச்சையப்பன் ஓர் அடி பின்னால் போய், விரலால் அவர் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

பந்தியில் ஜெகதீசன் யாரோடும் உட்காரப் பிடிக்காமல் கடைசி மேஜைக்குப் போனார். அந்த சவுண்டு சர்வீஸ்காரர் அங்கே தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெகதீசன் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே பொங்கினார்.

"நான் அசிங்கப்பட்டத பத்திக் கவல இல்ல அண்ணாத்தே. தாய்மாமன், என்னைப் பாத்து சிரிச்சிட்டுப் போவட்டும். அந்த மனுசன நெனச்சாத்தான் வவுறு எரியுது. பெத்த புள்ள கல்யாணத்துல மால எடுத்துக் குடுக்கணும்னு அவருக்கு எவ்ளோ ஆச இருந்திருக்கும். செத்தவர இட்டாந்து, வவுத்த ஆட்டி, முட்டி வரைக்கும் பூமியில பொதச்சி, கடைசியில அவுரு எடத்துல என்ன ஆட வுட்டாங்க. அவுரு மட்டும் உயிரோட இருந்திருந்தா இதுக்கு ஒத்துகினு இருப்பாரா? நீயே சொல்லு."

அந்த மனிதர் ரசம் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைப் புறங்கையால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"ஒத்துக்கிட்டுத்தாங்க போட்டோவையும் குரலையும் குடுத்தேன், நான் நேர்ல மேடை ஏறினா சுலோசனா எறங்கிப் போயிடுவேன்னு சொல்லிட்டாளே."